இரவல் மரம்

படக்காரிக்குக் காலி இடத்தைக் கண்டாலே கை அரிக்கும். ஒரு மரம் வரைந்தால் அதில் ஒரு பறவை, பறவைக்கு ஒரு கூடு, கூட்டுக்குள் முட்டைகள் என்று போய்க்கொண்டே இருப்பாள். முட்டையில் புள்ளி வைக்காமல் விட்டால் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் அவளுக்குப் படக்காரி என்று பெயர் வைத்தவர் அவள் கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் பதிலுக்கு அவள் அவரைக் கண்ணாடிக்காரர் ஆக்கினாள். பிள்ளைகள் இல்லாத வீடு. ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வதிலேயே பொழுது நன்றாகப் போனது.

ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக்கு மடிப்புத்திரை ஒன்று செய்து தரும்படி அவளுக்கு வேலை வந்தது. நான்கு மடிப்பு, மடிப்புக்கு ஒரு பருவம். ஜப்பான் பாணியில் இருக்க வேண்டும், பார்த்தால் மனசு அடங்க வேண்டும் என்றார்கள். அவள் போட்டுக் காட்டிய முதல் மாதிரியை ஹோட்டல் மேனேஜர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு மேடம். ஆனா மூச்சு விடக்கூட இடம் இல்லையே" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் வரைந்த கை. இந்த ஒரு திரை சரியாக அமைந்துவிட்டால் தானும் ஓவியர்தான் என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம். அமையவில்லை என்றால் மறுபடியும் அதே ரோஜாவும் அதே கிளியும்தான்.

நூலகத்திலிருந்து ஜப்பானியத் தோட்டங்களைப் பற்றிய கனமான புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாடிய பூவும் பூதான் என்றது அந்தப் புத்தகம். கல்லில் பாசி ஏறினால்தான் கல்லுக்கு வயசு வரும் என்றது. பாதியை வரை, மீதியைப் பார்க்கிறவன் வரைந்துகொள்வான் என்றது. படிக்கப் படிக்க அவளுக்கு ஒரே கோபமாக வந்தது. கோபம் தணிந்ததும் ஆசை வந்தது.

"பாத்து வரையறதுக்கு ஒரு தோட்டம் வேணும், அவ்வளவுதானே? போட்டுட்டாப் போச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் சொன்னால் செய்கிற ஆள். கொல்லைப்புறத்தில் கிடந்த உடைந்த சைக்கிளையும் ஓட்டை டிரம்மையும் தூக்கி எறிந்துவிட்டு வெள்ளைச் சரளைக்கல் கொட்டிப் பரப்பினார். அதன்மேல் சீப்பு மாதிரியான மரவாரியால் கோடு இழுத்தால் தண்ணீர் ஓடுவதுபோல இருக்கும். மூன்று பாறைகளை இறக்கினார்கள். அவற்றை அவர் ஒரே வரிசையில் நிறுத்துவார், அவள் போய் ஒன்றைக் கோணலாகத் தள்ளிவைப்பாள். "ரெண்டு கண்ணும் ஒரே மட்டத்துல இருக்கணும்னு பழகினவன்மா நான்" என்று அவர் முனகுவார். பாசி பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பாறைகளுக்குத் தினமும் மோர் பூசினார்.

அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய தங்கை இதை ஒருநாள் பார்த்துவிட்டாள். "ஊரெல்லாம் பாசியத் தேச்சுக் கழுவுது. எங்கண்ணன் மோர் ஊத்தி வளக்கறாரு. சரியான ஜோடிதான் அண்ணி நீங்க ரெண்டு பேரும்" என்று சிரித்துவிட்டு, மீதி மோரைக் குடித்துவிட்டுப் போனாள்.

எல்லாம் இருந்தும் தோட்டம் தோட்டமாக இல்லை. கொல்லை சின்னது. மதில் கண்ணில் முட்டியது. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அவள் ஒரு பக்கத்தில் நின்றாள். ஜப்பானியர்கள் தங்கள் தோட்டத்துக்கு வெளியே இருக்கும் மலையையோ மரத்தையோ தோட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வார்களாம். வேலியைத் தாழ்த்தி, இடையில் இருப்பதை மறைத்து, அந்த மலையும் நம்முடையதுதான் என்று தோன்றும்படி செய்துவிடுவார்களாம். அதற்குத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தவளுக்குச் சட்டென்று அகப்பட்டது.

"இரவல் காட்சி" என்றாள் கணவரிடம். "பின்னாடி வீட்டு மரம் இருக்கில்ல, அதை நாம இரவல் வாங்கிக்கணும்."

மதிலுக்கு அப்பால் ஒரு பழைய மாடி வீட்டின் பின்புறம் தெரியும். அந்த வீட்டின் வாசல் வேறு தெருவில் இருந்தது. யார் இருக்கிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. மாடியில் ஒரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் கிளை பரப்பி நிற்கும் பெரிய மரம்.

"இரவல்னா கேட்டுட்டு வாங்கணும். திருப்பியும் தரணும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"பாக்கறதுக்கு யாராவது அனுமதி கேப்பாங்களா? மதில்ல மேல் வரிசைகளை எடுத்துட்டா முடிஞ்சுது."

கொத்தனார் வந்து மதிலை நெஞ்சளவுக்கு இறக்கிவிட்டுப் போனார். மரம் அப்படியே தோட்டத்துக்குள் நடந்து வந்து நின்றதுபோல இருந்தது. படக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவள் கணவருக்கு மனசு கேட்கவில்லை. எதிர்வீட்டில் ஏணி இரவல் வாங்கினால்கூட, திருப்பும்போது ஏணியோடு ஏதாவது கொடுத்தனுப்பாமல் இருக்க மாட்டார். மதில் ஓரம் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மூடிக் கிடந்த அந்த ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க மரத்தைக் கொஞ்சம் இரவல் எடுத்துக்கறோம். தப்பா நினைக்காதீங்க. பதிலுக்கு எங்க வீட்ல எது வேணும்னாலும் கேக்காமலே எடுத்துக்கலாம்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

வசந்தத்துக்கான மடிப்பை அவள் தொடங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தெருவில் இருந்த மரங்களெல்லாம் புழுதி பூத்து நின்றன. மதிலுக்கு அப்பால் நின்ற மரம் மட்டும் துளிர்விட்டிருந்தது. இளஞ்சிவப்புத் துளிர், நுனியில் ஈரம் மின்னியது. ஏதோ வெளிநாட்டு மரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் தூரிகையை எடுத்தாள். ஒரு கிளை போட்டாள், நாலைந்து துளிர் வைத்தாள். அவள் கை நின்றது. நிரப்பத் தோன்றவில்லை. மீதி முழுவதும் வெறும் தாளாக இருந்தது, ஆனால் அதில் காற்று வீசியது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் படத்தைப் பார்த்து அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் வாய் அசைந்தது. குரல் வரவில்லை. அவள் கரண்டியைப் பாத்திரத்தில் திருப்பிப் போட்ட பிறகு "போதும்மா" என்று கேட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து யாரோ சொன்னதுபோல மெலிந்து வந்தது அந்தப் போதும். தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

கோடை மடிப்புக்கு வந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. மரமோ பளீரென்ற வெயிலில் நிற்பதுபோல அடர்பச்சையாக, தன் நிழலைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு நின்றது. அவளுக்கு எந்தப் பருவம் வேண்டுமோ அந்தப் பருவத்தில் அது நிற்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பயப்பட வேண்டிய நேரம் அதுதான். ஆனால் வேலை நன்றாக வரும்போது யார் பயப்படுகிறார்கள்? மரத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நிழலாக யாரோ உட்கார்ந்திருப்பதும், ஒரு கை மட்டும் மேலும் கீழும் போய்வருவதும் தெரிந்தது. தையல் வேலையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் இப்போதெல்லாம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்துவிடுவார். சரளையில் கோடு இழுத்துவிட்டு, தட்டையான பாறையின் மேல் மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். வீட்டுப் பக்கம் முதுகுதான் தெரியும். ஒருநாள் அவள் வேலை அறையிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது அந்த முதுகு ரொம்பச் சின்னதாக இருந்தது. படத்தில் தூரத்து ஆளை வரைகிற மாதிரி, கட்டைவிரல் உயரம். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பாறைவரைக்கும் போடப்பட்ட கோடுகளில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

நாத்தனார் வந்தபோது படக்காரி அவளைக் கதவருகே இழுத்து நிறுத்தினாள். "உங்க அண்ணனைப் பாரு."

"ஆமா, ரொம்ப இளைச்சுட்டாரு. நீ படம் படம்னு கிடந்தா மனுஷன் இளைக்காம என்ன செய்வாரு?"

"இளைக்கல. தூரமா இருக்காரு."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்லயே கண்ணாடிக்காரரை வெச்சுக்கிட்டு இப்படிப் பேசறியே அண்ணி. முதல்ல கண்ணைக் காட்டு. எழுத்து தெரியுதான்னு பாக்கச் சொல்லு."

அவள் காட்டவும் செய்தாள். மறுநாள் கடைக்குப் போய் உயர நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகள் எல்லாம் கடைசி வரிவரை துல்லியமாகத் தெரிந்தன. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு முழத்துக்குள் நின்றிருந்த கணவரைத்தான் அவளால் எட்ட முடியவில்லை. அவர் கை அவள் நெற்றியைத் தொட்டது. அந்த ஸ்பரிசமும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. "கண்ணுல ஒண்ணும் இல்ல" என்று எங்கிருந்தோ சொன்னார்.

அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். மரம் ஒரு பருவம் தந்தால் அவர் ஒரு எட்டு தள்ளிப் போகிறார் என்று தெரிந்தும்தான் அவள் மறுபடி வரைய வீட்டுக்கு வந்தாள். மதிலுக்கு மேல் மரம் சிவந்து நின்றது. அப்படி ஒரு சிவப்பை அவள் எந்தக் குழாயிலிருந்தும் பிதுக்கியதில்லை. ஒரு இலை மட்டும் கிளையை விட்டு, விழவும் விழாமல் அந்தரத்தில் நின்றது, அவள் வரைந்து முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல. இந்த ஒன்றை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குடிகாரன் சொல்கிற அதே வார்த்தை.

இலையுதிர்கால மடிப்பு அவள் செய்ததிலேயே சிறந்த படமாக அமைந்தது. ஒரு மூலையில் கிளை, எதிர்மூலைக்குச் சற்று மேலே அந்த இலை, நடுவில் ஒன்றுமே இல்லை. ஈரம் காய்வதற்குள் கணவருக்குக் காட்ட வேண்டும் என்று கொல்லைக்கு ஓடினாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்."

பாறைமேல் இருந்த முதுகு அசையவில்லை. அவள் சரளையில் இறங்கி நடந்தாள். கோடுகள் காலடியில் கலைந்தன. நடக்க நடக்க அவர் அதே அளவில் இருந்தார். பாறை பக்கத்தில் வந்துவிட்டது, கையை வைத்தாள், பாசி ஈரமாக ஒட்டியது. பாறைமேல் யாரும் இல்லை. அவரோ அவளுக்கு எதிரே, மதிலுக்கு இந்தப் பக்கமே, அதே தூரத்தில் அதே பாறைமேல் உட்கார்ந்திருந்தார். ஓடினாள். மதில் நெஞ்சில் இடித்தது. திரும்பிப் பார்த்தாள். இப்போது அவர் வீட்டுப் பக்கம் இருந்தார், அதே கட்டைவிரல் உயரத்தில், அதே முதுகோடு.

வாய்விட்டு அழுதாள். "இங்க வாங்களேன். எனக்குப் பயமா இருக்கு."

பதில் வர ரொம்ப நேரமானது. "இங்க நல்லாத்தான் இருக்கு. யாரோ உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டே இருக்காங்க. நீ உன் வேலையை முடி."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் குத்திப் பேசத் தெரியாதவர். அதுதான் அவளை அறுத்தது.

மதில் ஓரம் நின்று அவர் விளையாட்டாகச் சொன்னது இப்போது அவள் காதில் விழுந்தது. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார், அந்தப் பக்கத்தில் நம்பிவிட்டார்கள். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கொடுத்ததைக் கேட்கலாம். ஈரம் காயாத மடிப்பைச் சட்டத்திலிருந்து கழற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். குளிர்காலம் ஒன்றுதான் பாக்கி. அதை வரைந்தால் அவர் எங்கே போவார் என்று நினைக்கக்கூட அவள் விரும்பவில்லை.

வாசல்கதவு தாழிடப்படவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. கூடம் பெருக்கித் துடைத்துக் காலியாக இருந்தது. மாடிப்படி ஏறினாள். மேலே ஒரே அறை. ஜன்னலுக்கு எதிரே ஒரு முக்காலி, பக்கத்தில் மேஜை, அதன்மேல் அவள் உபயோகிக்கிற மாதிரியே மசிக்கிண்ணமும் தூரிகைகளும். முக்காலியைத் தொட்டாள். சூடு இருந்தது.

சுவரை ஒட்டி ஒரு மடிப்புத்திரை நின்றது.

முதல் மடிப்பில் அவளுடைய தோட்டம் இருந்தது. பாறைமேல் அவள் கணவர், கட்டைவிரல் உயரத்தில். இரண்டாவதில் அவர் பெரிதாகியிருந்தார், முழங்காலில் வைத்த கைகள் தெரிந்தன. மூன்றாவதில் முகம் மட்டும். மீதியெல்லாம் வெறும் தாள். நான்காவது மடிப்பில் இன்னும் ஒன்றும் வரையப்படவில்லை.

அந்த முகத்துக்கு முன்னால் அவள் மண்டியிட்டாள். புருவத்துக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருந்தது. எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியாது. பேசத் தொடங்குவதற்கு முன் உதட்டை லேசாக உள்ளே மடித்துக்கொள்வார், யாரையும் புண்படுத்திவிடக் கூடாது என்பதுபோல. அதையும் அந்தக் கை பிடித்திருந்தது. ஒரே வீட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். ஊரில் உள்ள கிளியையெல்லாம் வரைந்தாள், இந்த மனிதரை ஒருமுறைகூட வரைந்ததில்லை. வரையத் தோன்றியதே இல்லை. யாரோ முன்பின் தெரியாதவர் ஒரு ஜன்னலில் உட்கார்ந்து அவரைப் பார்த்த அளவுக்கு அவள் பார்க்கவில்லை. வெட்கம் அவள் காதுவரை சுட்டது. திருப்பிக் கேட்க என்ன வாயோடு வந்தோம் என்று நினைத்தாள்.

"வந்துட்டியா? எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்."

தாமதமில்லாத குரல், தோளுக்குப் பக்கத்தில். எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். கீழே தாழ்த்தப்பட்ட மதில், சரளை, பாறை. பாறைமேல் அவர். இங்கிருந்து பார்த்தால் தூரமே இல்லை. ஜன்னல் சட்டத்துக்கு அந்தப் பக்கம் முகத்தோடு முகமாக இருந்தார், மூச்சுக்காற்று அவள் கன்னத்தில் பட்டது.

"வீட்டுக்குப் போயிடலாம் வாங்க" என்றாள்.

"நான் வீட்லதானே இருக்கேன்" என்றார் அவர். உதட்டை மடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "நீ அங்க வந்தா உனக்கு நான் தெரிய மாட்டேன். இங்கேருந்து பாத்தாத்தான் தெரியறேன்."

அப்போது அவர் தோளுக்குப் பின்னால் அவள் தன் வீட்டைப் பார்த்தாள். வேலை அறையில் ஒரு பெண் இருந்தாள். முதுகு காட்டி, குளிர்காலத்துக்கான வெற்று மடிப்பின் முன் உட்கார்ந்து, இந்த ஜன்னலில் தெரிந்த அதே கை மாதிரி, கையை மேலும் கீழும் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவு திறந்தது. நாத்தனார் ஒரு பாத்திரத்தோடு வந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்து "அண்ணி, மோர் கொண்டாந்திருக்கேன்" என்றாள். அந்தப் பெண் திரும்பிச் சிரித்தாள். நாத்தனாருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இருவருமாக ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். சரளையில் இறங்கி வந்த நாத்தனார், அண்ணன் உட்கார்ந்திருந்த பாறைக்கு, அவர் அங்கே இருப்பதே தெரியாதவள்போல, மோரைப் பூசிவிட்டு உள்ளே போனாள்.

படக்காரி மாடிப்படிப் பக்கம் பாதி திரும்பினாள். அது அவள் வீடு, அவள் திரை. இத்தனை வருஷம் காத்துக் கிடந்த பெயரை வேறு ஒருத்தி தட்டிக்கொண்டு போகப் போகிறாள். இப்போதே ஓடினால் படியிறங்கி, தெருவைச் சுற்றி, அவள் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கிவிடலாம். அந்த வீட்டில் எல்லாம் மறுபடி தன்னுடையதாகிவிடும், அவர் ஒருவரைத் தவிர.

"போறதுன்னா போ. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார் அவர். மதில் ஓரத்தில் நின்று சொன்ன அதே மரியாதை.

மரத்தின் கடைசி இலைகள் உதிரத் தொடங்கியிருந்தன. கிளைகளுக்கு நடுவே அவர் முகம் மெல்ல வெளிறிக்கொண்டு வந்தது. யாரும் பார்க்காமல் விட்டால் அதுவும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. கையில் இருந்த சிவந்த இலைப் படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். அவள் செய்ததிலேயே சிறந்த படம். அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முக்காலியில் உட்கார்ந்து நான்காவது மடிப்பை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"அசையாம இருங்க" என்றாள். "எனக்கு மனுஷங்களை வரைஞ்சு பழக்கம் இல்ல."

"கண்ணாடியைக் கழட்டட்டுமா?"

"கழட்டுங்க."

கழற்றினார். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தி அழுத்தி விழுந்த சின்னப் பள்ளங்கள் இருந்தன, உள்ளே தோல் கொஞ்சம் பளபளத்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தூரிகையை மசியில் தோய்த்து, அந்தப் பள்ளங்களிலிருந்து ஆரம்பித்தாள்.